ஆடுகளமும் மாற்றணியும்

புறநானூற்றின் 85 ஆம் பாட்டு ஒரு விளையாட்டைப் பற்றியது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்பான் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்தான். அப்போரைச் சாத்தந்தையார் என்னும் புலவரும் பாடினார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரும் பாடினார். நக்கண்ணையார் பாட்டில் மற்போரைப் பற்றிய வருணனை மிகச் சிறிது. அவர் கூறுவது பார்த்து நின்றோரைப் பற்றியே. பொருகின்றவனுக்கு அவ்வூர் சொந்த ஊர் அன்று. அந்நாடு சொந்த நாடும் அன்று. ஆதலின் கூடியிருந்தோர் இருகூறாகப் பிரிந்தனர். வெற்றி அவனுக்கே என்றனர் ஒரு சாரார். அவனுக்கு இல்லை என்றனர் மற்றொரு சாரார். பாட்டைக் கூறும் பெண்ணோ அவன்பால் உள்ளத்தைப் பறிகொடுத்தவள். காற்சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனைமரத்தைப் பற்றி நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணாற் கண்டதாகச் சொல்கிறாள். வியப்புக்குரியது யாதெனின், அவன் தோற்பான் என்று சொன்னோரையும் அவள் வையவில்லை. இரு சாரார் கூற்றையும் நல்லோர் கூறிய நல்ல மொழிகளாகவே கொள்கிறாள்.

விளையாட்டுப் பார்ப்போர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றதைக் கூறும் தமிழ்ச் செய்திகளுள் இது மிகப் பழையது எனலாம். பற்று அவளிடம் இல்லாமல் இல்லை. அவளினும் மிக்க பற்றுடையார் அக்களத்தில் இருந்திருத்தல் அரிது. இருந்தும், எதிர்க்கட்சியாரை இகழாமலே அவளால் மகிழ முடிந்தது. ஈராயிரம் ஆண்டுகளாக ஆடுகளங்கள் பெருகியுள்ளன. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் கூட்டமும் பெருகியுள்ளது. அப்பெண்ணின் மனநிலை மட்டும் அதே அளவிற் பெருகியதாகச் சொல்ல இயலாது.

விளையாட்டிற் போட்டி என்பதும் வாழ்க்கையிற் பகை என்பதும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படும். இரண்டிலும் இரு பக்கங்கள் உண்டு. இரண்டிலும் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பர். ஆயினும் அடிப்படையில் இவை வேறானவை. பகைவன் ஒழிதல் வேண்டும் என்பதே பகையின் வேட்கை. அவன் இல்லாத உலகமே பகை கொண்டவனுக்கு இனிய உலகம். போட்டியின் வேட்கை அத்தகையது அன்று. இன்று தோற்கடித்த அணி நாளையும் களத்துக்கு வருதல் வேண்டும். வலிமையோடு வருதல் வேண்டும். மெலிந்த அணியை வெல்வதில் எவருக்கும் இன்பம் இல்லை. மல்லன் ஒருவன் தனியே நின்று மற்போர் செய்தல் இயலுமா? ஆகவே மாற்றணி என்பது ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் இடையூறு அன்று. ஆட்டத்தின் பாதி அதுவே. தன் அணியின் ஆற்றல் எத்தகையது என்பதைப் பார்ப்போன் அறிந்துகொள்வதும் மாற்றணியின் வாயிலாகவே.

இவ்வளவு வெளிப்படையான செய்தி கூட்டத்தின் நடுவில் எளிதில் மறைந்துவிடுகின்றது. அது மறைந்தபோது விளைந்த கேட்டுக்கு வரலாற்றில் உள்ள மிகப் பெரிய சான்று கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்துத் தேரோட்டம் ஆகும்.

கிழக்கு உரோமப் பேரரசின் தலைநகராகிய அந்நகரில் அரண்மனையை அடுத்து மாபெரும் தேரோட்டக் களம் ஒன்று இருந்தது. தேர்கள் நிறங்களாற் பிரிக்கப்பட்டன. வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை என நான்கு நிறங்கள் இருந்தும், காலப்போக்கில் நீலமும் பச்சையுமே மேலோங்கின. மக்கள் நீலர் என்றும் பச்சையர் என்றும் பிரிந்தனர். ஆறாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியசு இக்கட்சிகளைப் பற்றி மிகுந்த வெறுப்புடன் எழுதியுள்ளார். காரணமே இன்றி எழும் இப்பகை உறவையும் நட்பையும் மதிப்பதில்லை என்பதும், உடன்பிறந்தார் தாமும் வெவ்வேறு நிறங்களைப் பற்றிக்கொண்டு மோதினர் என்பதும் அவர் தரும் செய்திகள். அதனை உள்ளத்தின் நோய் என்றே அவர் கருதினார்.

கட்சியினர் இவ்வாறு மோதிக்கொண்டிருந்த அதே காலத்தில் தேர்ப்பாகர் எவ்வாறு நடந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. போர்பிரியசு என்னும் புகழ்பெற்ற தேர்ப்பாகன் ஒரு காலத்தில் நீலருக்காகவும் மற்றொரு காலத்திற் பச்சையருக்காகவும் தேர் செலுத்தினான். இரு கட்சியினரும் அவனுக்குச் சிலை எடுத்தனர். அச்சிலைகளைத் தாங்கிய கற்பீடங்கள் இரண்டு இன்றும் இஸ்தான்புல் தொல்பொருட் காட்சிச்சாலையில் உள்ளன. தேர் செலுத்தியவன் நிறம் மாறினான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவனோ நிறம் மாறாமல் அயலானைக் குத்தினான். ஆட்டத்தின்பால் எழுந்த அன்பு மெல்ல மெல்ல ஆட்டத்தை விட்டு நீங்கி, வெறும் நிறத்தின்மேற் போய் நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இக்காலத்திலும் ஊதியத்தின் பொருட்டு ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்கு மாறும் ஆட்டக்காரர் பலர். அவர்களுக்காக நண்பனோடு பேசாது விட்டவன் மட்டும் பேசாமலே இருக்கின்றான்.

532 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இந்நோய் முற்றியது. கலகத்தில் ஈடுபட்ட கட்சிக்காரர் சிலருக்கு நகரத் தலைவன் மரண தண்டனை விதித்தான். தூக்கிலிடும்போது சாரம் முறிந்து இருவர் உயிர் தப்பினர். ஒருவன் நீலன், மற்றவன் பச்சையன். இருவரையும் மன்னிக்குமாறு தேரோட்டக் களத்திற் கூடிய மக்கள் பேரரசன் சஸ்ரீனியனை வேண்டினர். அவன் செவிசாய்க்கவில்லை. அதுவரை ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்த இரு கட்சியும் அன்று ஒன்றாயின. தேர்ப்பாகரை ஊக்குவிக்க வழங்கிய ‘வெல்க’ என்னும் பொருளுடைய ‘நிக்கா’ என்ற கூக்குரலே கலகத்தின் முழக்கமாயிற்று. நகரின் பெரும்பகுதி தீக்கிரையானது. பழைய ஹாகியா சோபியா ஆலயமும் எரிந்தது. இறுதியிற் படைத்தலைவர் பெலிசாரியசும் முண்டசும் களத்தினுள் அடைபட்டிருந்த மக்கள்மீது படையை ஏவினர். முப்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர் என்பது புரோக்கோப்பியசு தரும் கணக்கு. தேரோட்டம் பார்ப்பதற்கென அமைந்த இருக்கைகளின் நடுவிலேயே அத்தனை பேரும் இறந்தனர்.

நிக்காக் கலகத்துக்கு வரிச்சுமை, அதிகாரிகளின் கொடுமை முதலிய அரசியற் காரணங்களும் உண்டு. விளையாட்டே எல்லாவற்றையும் விளைத்தது என்று கூறின் அது மிகைப்படக் கூறலாகும். ஆனால் ஒன்றை மறுத்தல் இயலாது. வெறுப்பை நாள்தோறும் பயின்று வந்த கூட்டம் அங்கே ஆயத்தமாக இருந்தது. அதனை எப்பக்கமும் திருப்பலாம் என்பதே அந்நிகழ்ச்சி காட்டும் உண்மை.

உதைபந்தாட்டக் களங்களின் வரலாற்றிலும் இத்தகைய நாள்கள் உண்டு. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 29 ஆம் நாள் பிரசெல்ஸ் நகரத்து ஹெய்சல் அரங்கில் லிவர்பூல் அணிக்கும் இத்தாலியின் யுவெந்துஸ் அணிக்கும் ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் நடக்கவிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் ஆதரவாளர் சிலர் எதிர்த்தரப்பினர் நின்ற பகுதியை நோக்கிப் பாய்ந்தனர். ஒதுங்கிய கூட்டத்தின் நெரிசலிற் சுவர் ஒன்று இடிந்தது. 39 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இத்தாலியர். அதன் பின்னும் ஆட்டம் நடத்தப்பட்டது என்பது படிப்போர் உள்ளத்தை இன்றும் உறுத்துவது.

அதே லிவர்பூல் நகரம் நான்கு ஆண்டுகளின் பின் வேறொரு காட்சியையும் காட்டிற்று. அந்நகரில் லிவர்பூல், எவர்டன் என இரண்டு அணிகள் உண்டு. ஒன்றின் நிறம் சிவப்பு. மற்றதன் நிறம் நீலம். அக்காலத்தில் இரண்டு அரங்குகளுக்கும் இடையில் இருந்தது ஸ்ரான்லி பூங்கா என்னும் ஒரு பூங்காவே. 1989 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள் ஷெபீல்ட் நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ஆதரவாளர் மடிந்தனர். அவ்விபத்தால் இறந்தோர் தொகை பின்னர் 97 ஆயிற்று. ஒரு வாரம் கழிந்தபின் நீலக் கழுத்துத்துணிகளும் சிவப்புக் கழுத்துத்துணிகளும் ஒன்றோடொன்று முடியப்பட்டு, எவர்டன் அரங்கிலிருந்து பூங்காவைக் கடந்து லிவர்பூல் அரங்கு வரை ஒரு நீண்ட சங்கிலியாகக் கட்டப்பட்டன. மறுமாதம் இங்கிலாந்துக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் அவ்விரு அணிகளுமே எதிர்ப்பட்டன. கழுத்துத்துணியை முடிந்து கொடுத்ததனால் எவர்டன் ஆதரவாளர் அன்று தம் அணி தோற்க வேண்டும் என்று விரும்பினர் அல்லர். ஆட்டம் கடுமையாகவே நடந்தது; லிவர்பூல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது.

துடுப்பாட்டத்துக்கு வருவோமாயின், அதன் மிகப் பழைய போட்டி ஒரு நகைச்சுவையிற் பெயர் பெற்றது. 1882 ஆம் ஆண்டு ஆகத்து 29 ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியா இங்கிலாந்தை 7 ஓட்டங்களால் வென்றது. இங்கிலாந்தின் துடுப்பாட்டம் இறந்துவிட்டது என்றும், அதன் உடல் எரிக்கப்பட்டுச் சாம்பர் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்படும் என்றும் ஒரு பத்திரிகை மரண அறிவித்தல் போல எழுதியது. தோற்றவர் தம்மைத் தாமே எள்ளி நகையாடிய அந்தச் சாம்பரின் பெயராலேயே இன்றும் அவ்விரு நாடுகளும் பொருதுகின்றன. இத்தகைய தொடக்கம் பிறவற்றுக்கு வாய்த்ததில்லை.

ஆயினும் அரை நூற்றாண்டின் பின் அந்த நகைப்பு மறைந்தது. 1930 ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் சென்ற டொன் பிரட்மன் ஐந்து ரெஸ்ற் ஆட்டங்களில் 974 ஓட்டங்கள் குவித்தார். அவரை அடக்கும் வழியைத் தேடிய இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின், 1932–33 இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது, துடுப்பாளரின் உடலை நோக்கி எழும்பும் வண்ணம் பந்து வீசுவித்து, இடப்புறத்தில் வரிசையாகத் தடுப்பாளரை நிறுத்தினார். அம்முறைக்குக் கருவியாக நின்றவர் ஹரோல்ட் லார்வூட் என்னும் வேகப் பந்து வீச்சாளர். அடிலெயிட் ஆட்டத்தில் அவுஸ்திரேலிய அணித்தலைவர் வூட்புல்லின் நெஞ்சிற் பந்து தாக்கியது. விக்கெற் காப்பாளர் ஓல்ட்பீல்டின் மண்டையோடு வெடித்தது. கூட்டம் கொதித்தது. இரு நாட்டுச் சபைகளும் தந்திமூலம் மோதிக்கொண்டன. விளையாட்டின் பண்பு காக்கப்படவில்லை என அவுஸ்திரேலியச் சபை குற்றஞ்சாட்ட, அரசாங்கங்கள் கவலைப்படும் நிலைக்கு விவகாரம் வளர்ந்தது.

அந்தப் பருவம் முழுவதும் லார்வூட்டை ஏசிய கூட்டமே, சிட்னியில் நடந்த இறுதி ரெஸ்ற் ஆட்டத்தில், அவர் துடுப்பெடுத்து 98 ஓட்டங்கள் பெற்று ஆட்டமிழந்து திரும்பியபோது எழுந்து நின்று கைதட்டியது. பந்து வீச்சாளர் ஒருவர் துடுப்பினால் நூறை எட்டும் தறுவாயில் இரண்டு ஓட்டங்களுக்காக ஏமாந்தார் என்பதை அக்கூட்டம் உணர்ந்தது. ஏசியதும் அக்கூட்டமே, எழுந்ததும் அக்கூட்டமே. ஏசியதற்கு நியாயம் இருந்தது. எழுந்ததற்கும் நியாயம் இருந்தது. மாற்றணியாளன் செய்யும் தவற்றைக் கண்டித்தலும், அவனது ஆற்றலைப் போற்றுதலும் ஒரே மனத்துள் அடங்கக்கூடியவை என்பதற்குச் சிட்னி மைதானம் சான்று. லார்வூட்டின் பிற்கால வாழ்க்கையும் குறிப்பிடத்தக்கது. தம் தலைவரின் கட்டளைப்படி நடந்ததற்காக மன்னிப்புக் கேட்க மறுத்த அவர் அதன் பின் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. 1950 ஆம் ஆண்டு மனைவியுடனும் ஐந்து பெண்மக்களுடனும் அவர் குடியேறியது அவுஸ்திரேலியாவில். குடியேற உதவியவர் அந்தப் பருவத்தில் அவரது பந்துகளை எதிர்நின்று வாங்கிய அவுஸ்திரேலியத் துடுப்பாளராகிய ஜக் பிங்கிள்ரன். 1995 ஆம் ஆண்டு தமது 90 ஆவது வயதிற் சிட்னி நகரிலேயே லார்வூட் காலமானார்.

இந்தியா, பாகிஸ்தான் என்னும் இரு நாடுகளின் போட்டியில் நிலை இன்னும் சிக்கலானது. அங்கே ஆட்டத்துக்குப் பின்னால் உண்மையான போர்களும், 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின் ஆறாத புண்ணும் இருக்கின்றன. ஆட்டம் வெறும் ஆட்டமே என்று அங்கே அறிவுரை கூறுதல் எளிது, கேட்பார் அரியர். அத்தகைய சூழலிலேதான் 1999 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு நகரங்களில் இரண்டு வகையான காட்சிகள் நிகழ்ந்தன.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் பாகிஸ்தான் அணி ரெஸ்ற் ஆட்டங்களுக்காக இந்தியாவுக்கு வந்திருந்தது. அதன் வருகையை எதிர்த்த ஓர் அரசியற் கட்சியினர் தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் ஆடுதளத்தை இரவோடிரவாகத் தோண்டிக் கெடுத்தனர். தில்லியில் நடக்கவிருந்த முதல் ஆட்டம் சென்னைக்கு மாற்றப்பட்டது. காவற்படையினர் சூழ, சனவரி 28 ஆம் நாள் சேப்பாக்கம் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிற்று.

முதற் சுற்றிற் பாகிஸ்தான் 238 ஓட்டங்களும் இந்தியா 254 ஓட்டங்களும் பெற்றன. இரண்டாஞ் சுற்றில் சாஹிட் அப்ரிடி 141 ஓட்டங்கள் குவித்தார். ஆயினும் வெங்கடேஷ் பிரசாத் 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெற்றுகளை வீழ்த்த, பாகிஸ்தான் 286 உடன் அடங்கியது. இந்தியா வெல்ல 271 ஓட்டங்கள் தேவை. 82 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெற்றுகள் வீழ்ந்துவிட்டன. அந்நிலையிற் சச்சின் தெண்டுல்கரும் நயன் மொங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் திரட்டினர். மொங்கியா சென்ற பின்னும் தெண்டுல்கர் நின்றார். முதுகுவலி அவரை வாட்டியது. ஒவ்வோர் அடியின் பின்னும் முகம் சுளித்தார். 17 ஓட்டங்களே எஞ்சியிருக்கையில், சக்லைன் முஷ்ராக்கின் பந்தை உயர அடிக்க, வசீம் அக்ரம் அதனைப் பிடித்தார். 136 ஓட்டங்களுடன் தெண்டுல்கர் வெளியேறினார். அதன் பின் மூன்று விக்கெற்றுகளும் நான்கே ஓட்டங்களில் வீழ்ந்தன. 258. பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது.

சேப்பாக்கம் சிறிது நேரம் ஊமையாயிற்று. பின்னர், தோல்வியின் அதிர்ச்சி நீங்குமுன்னரே, இருக்கைகளில் இருந்தோர் எழுந்து கைதட்டத் தொடங்கினர். கைதட்டல் நிற்கவில்லை என்பதைக் கண்ட பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வலம் வந்தனர். அவர்கள் சென்ற இடமெல்லாம் கூட்டம் எழுந்து நின்றது. அந்த வெற்றி தமக்கு இன்பம் தந்தது என்று கைதட்டியோர் எவரும் சொல்லியிருக்கமாட்டார். தம் நெஞ்சு நொந்த அதே கணத்தில் நொந்ததற்குக் காரணமானவரை மதித்தனர் என்பதே அதன் சிறப்பு. தோல்வியை மறந்து கைதட்டுதல் வேறு. தோல்வியை முற்றும் உணர்ந்து கைதட்டுதல் வேறு.

மூன்று வாரம் கழியவில்லை. அதே இரு அணிகள் பெப்பிரவரி மாதத்தில் ஆசிய ரெஸ்ற் போட்டிக்காகக் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் எதிர்ப்பட்டன. நான்காம் நாள் தெண்டுல்கர் ஓட்டம் பெற ஓடி வருகையில், தடுத்து நின்ற சொஹைப் அக்தருடன் மோதினார். கோட்டைக் கடக்குமுன் தொலைவிலிருந்து வந்த பந்து விக்கெற்றை வீழ்த்தியது. மூன்றாம் நடுவர் ஆட்டமிழப்பு எனத் தீர்த்தார். வேண்டுமென்றே வழி மறிக்கப்பட்டது எனக் கருதிய கூட்டம் போத்தல்களையும் பிறவற்றையும் வீசியது. தெண்டுல்கர் தாமே களத்துக்கு வந்து அமைதி காக்குமாறு வேண்டினார். மறுநாள் தோல்வி நெருங்கியபோது கலகம் மீண்டும் மூண்டது. பார்வையாளர் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ வெறுமையாகக் கிடந்த பேரரங்கிற் பாகிஸ்தான் 46 ஓட்டங்களால் வென்றது. வென்றவரைப் போற்றவோ ஏசவோ அங்கே எவரும் இலர்.

அவ்வரங்கின் முந்திய கதையும் இலங்கையர் அறிந்ததே. 1996 ஆம் ஆண்டு மார்ச்சு 13 ஆம் நாள் உலகக் கிண்ண அரையிறுதியில் இலங்கை பெற்ற 251 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, ஒரு விக்கெற்றுக்கு 98 என்ற நிலையிலிருந்து எட்டு விக்கெற்றுக்கு 120 என்ற நிலைக்குச் சரிந்தது. கூட்டம் போத்தல் எறிந்து இருக்கைகளுக்குத் தீ வைக்க, போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றியளித்தார்.

இவற்றைக் கொண்டு சென்னை மக்கள் சான்றோர் என்றும் கல்கத்தா மக்கள் கயவர் என்றும் முடிவுகட்டுதல் நேர்மையன்று. அது மாற்றணியை இகழும் மனத்தின் மற்றொரு வடிவமே ஆகும். உற்றுநோக்கின் 1999 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு தெரியும். சேப்பாக்கத்தில் இந்தியா தோற்றது ஆட்டத்தின் திறனால் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஈடன் தோட்டத்திலோ தமக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கூட்டம் நம்பியது. சட்டப்படி அந்தத் தீர்ப்பிற் பிழை இல்லை. ஆனால் நம்பிக்கை சட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆதரவாளரின் பற்று பகையாக மாறும் வாயில் பெரும்பாலும் இதுவே. தோல்வியை மனிதன் தாங்குவான்; ஏமாற்றப்பட்டேன் என்ற எண்ணத்தைத் தாங்கமாட்டான். அந்த எண்ணமோ மிக மலிவாகக் கிடைப்பது. நடுவர் பார்வை, ஆடுதளத்தின் தன்மை, நாணயச் சுழற்சி ஆகிய எதனையும் பற்றிக்கொண்டு அது முளைக்கும். தன் அணிக்குச் சாதகமாக விழுந்த பிழையான தீர்ப்புகளை எந்த ஆதரவாளனும் எண்ணி வைத்திருப்பதில்லை என்பது இங்கே நினைக்கத்தக்கது. எதிரணி ஏமாற்றியது என்று வாய் திறப்பதற்கு முன், அதே செயலைத் தன் அணியான் செய்திருந்தால் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் இட்டிருப்பானா என்று ஒருவன் தன்னைக் கேட்டுக்கொள்வானாயின், கலகத்தின் பாதி அவ்விடத்திலேயே அடங்கும்.

மாற்றணியை மதித்தல் பற்றைக் குளிரச் செய்யும். எல்லா அணியையும் ஒப்ப நோக்குவோன் எந்த அணிக்கும் ஆதரவாளன் ஆகான் என்று சிலர் தடை எழுப்புவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பக்கம் சாராது பார்ப்பவன் ஆட்டத்தின் நுட்பத்தைக் காண்பான். அதன் துடிப்பை அறியான். வாயிற்கதவைப் பூட்டிவிட்டுத் தேர் பார்க்கப் போகும் ஊரவனுக்கு, தன் ஊர்த் தேரே உயர்ந்ததாய்த் தோன்றுவதிற் குற்றம் இல்லை. ஆனால் மதிப்பு என்பது ஒப்ப நோக்குதல் அன்று. வெண்ணிப் போரிற் கரிகாலன் வென்றான். புறப்புண் நாணிச் சேரமான் வடக்கிருந்தான். கரிகாலனையே முன்னிலைப்படுத்திப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவன் வெற்றியை மறைக்காமலே, தோற்றவன் பெற்ற புகழ் அதனினும் மேலானது என்று அவன் செவியிற் படும்படி கூறினார். அது நடுநிலை அன்று. வென்றவனிடத்தே அன்பும் உரிமையும் உடையவர் பேசிய பேச்சு. மாற்றானின் தகுதியைத் தன் தலைவனுக்கு எடுத்துரைக்கும் துணிவு பற்றில்லாதவர்க்கு வாராது.

நையாண்டியையும் ஈண்டு விலக்க வேண்டுவதில்லை. பாட்டும் பறையும் கூச்சலும் இல்லாத போட்டி, சுவை குன்றிய போட்டியே. எதிரணியின் துடுப்பாளன் பந்தைத் தவறவிட்டபோது சிரித்தல் இயல்பு. அவன் அடிபட்டு வீழ்ந்தபோது சிரித்தல் இயல்பன்று. அவனது ஆட்டத்தைப் பற்றிப் பாடும் பாட்டு, அவன் பிறந்த இனத்தையோ சமயத்தையோ வீட்டுப் பெண்களையோ தொட்டுவிடின், அது ஆட்டத்தைப் பற்றிய பாட்டாக இராது. இந்த எல்லையை அறிவதற்குப் பெரிய நூலறிவு வேண்டுவதில்லை. மறுநாள் அவனைத் தெருவிற் கண்டு முகம் பார்த்துப் பேச முடியுமா என்ற ஒன்றே அளவுகோல்.

இலங்கைக் கல்லூரிகளின் ஆண்டுப் போட்டிகளுக்கு இவ்வளவுகோல் மிகப் பொருந்தும். கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் பரி. தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம் 1879 ஆம் ஆண்டிலே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதலாகப் பொருதுகின்றன. முன்னது நீலங்களின் சமர் எனவும், பின்னது வடக்கின் பெருஞ் சமர் எனவும் வழங்கும். உண்மையான சமரைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கண்ட ஒரு நாட்டில், மாணவர் துடுப்பெடுத்து ஆடும் மூன்று நாள் ஆட்டத்துக்கு அதே சொல் நின்று நிலைப்பது வியப்பே. சொல்லை மாற்ற வேண்டும் என்று எவரும் கேட்டிலர். கேட்கத் தேவையும் இல்லை. பறையடித்து, கொடி பிடித்து, மதிலேறி நின்று ஆரவாரிக்கும் மாணவர்க்கு அச்சொல்லின் இரு பொருளும் தெரியும். அவ்விரு கல்லூரிகளிலும் படித்த சகோதரர் ஒரே வீட்டில் இருப்பர். ஒன்றிற் கற்றவர் மற்றதில் ஆசிரியராய் இருப்பர். சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவர் சூடிய மாலையும் ஒரே ஆத்தி என்று கோவூர்கிழார் சுட்டிக்காட்டியதைப் போல, இக்களங்களில் இரு பக்கத்துக் கொடியையும் தைத்தவர் சில வேளை ஒரே தையற்காரராகவும் இருப்பர்.

பகைமைக்கு இடமாகும் போட்டியே, வேண்டும்போது அதற்கு மாறானதையும் செய்ய வல்லது. 1996 ஆம் ஆண்டு சனவரி 31 ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியிற் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். அடுத்த மாதம் தொடங்கவிருந்த உலகக் கிண்ணப் போட்டிக்காகக் கொழும்புக்கு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அச்சம் வேண்டாம் என்று காட்டுவதற்காக இந்தியாவும் பாகிஸ்தானும் தம் ஆட்டக்காரரை ஒன்றுசேர்த்து ஒரே அணியாகக் கொழும்புக்கு அனுப்பின. முகம்மது அசாருதீன் அதற்குத் தலைமை தாங்கினார். பெப்பிரவரி 13 ஆம் நாள் பிரேமதாச அரங்கில் அக்கூட்டணி இலங்கையை எதிர்த்து ஆடியது. அந்த ஆட்டத்தின் ஓட்டப் பதிவேட்டிலே, இலங்கையின் றொமேஷ் களுவிதாரணவின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது: பிடித்தவர் தெண்டுல்கர், பந்து வீசியவர் வசீம் அக்ரம்.